என் தூரம் பதினெட்டு கஜம்

ஒரு பழைய வெள்ளி டாலரைத் தாளின் மேல் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். விட்டம் ஒன்றரை அங்குலம். தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, ஐந்து குண்டுகளையும் அந்த வட்டத்துக்குள் போட்டுவிட்டால் அந்தத் தூரம் உனக்குச் சொந்தம். நான்கு உள்ளே, ஒன்று வெளியே என்றால் இரண்டு கஜம் முன்னால் நகர்ந்து மறுபடி சுட வேண்டும். காட்டுக்குள் போன பிறகு, உனக்குச் சொந்தமான தூரத்துக்கு அப்பால் நிற்கும் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுடக்கூடாது.

எனக்கு ரிவால்வர் சுடக் கற்றுக்கொடுத்த அம்மா முதல் நாளே சொன்ன சட்டம் இது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஓசார்க் மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர் அவர். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா அவருக்கு வைத்த சட்டத்தை எனக்கும் வைத்தார். வட்டத்தின் அளவுக்குக் காரணம் எளிது: அணிலின் தலை ஏறக்குறைய அவ்வளவுதான்.

அணிலைச் சுடுவதா என்று தமிழ் வாசகர் கேட்பார். நம் முற்றத்து அணிலின் முதுகில் மூன்று கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு ஒரு கதையும் உண்டு. அந்தக் கதையோடு வளர்ந்த எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. ஓசார்க் காட்டில் இருப்பவை வேறு இனங்கள். கோடு கிடையாது. சாம்பல் அணில் அரைக் கிலோ தேறும். செம்மஞ்சள் வயிறுள்ள நரி அணில் ஒரு கிலோவைக்கூடத் தொடும். ஓக் மரமும் ஹிக்கரி மரமும் அடர்ந்த அந்த மலைகளில் குடியேறிய ஏழை விவசாயிகளின் அடுப்பில் தலைமுறை தலைமுறையாக வெந்த இறைச்சி அது. எங்கள் ஊர்ப்பக்கம் முயலும் கௌதாரியும் ஒரு காலத்தில் எப்படியோ, அங்கே அணில் அப்படி. இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிவை நோக்கிப் போனது. அது சரியென்றே நான் நினைக்கிறேன். மிசௌரியில் நடந்தது வேறு கதை. கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் மரம் வெட்டியதாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானும் காட்டு வான்கோழியும் அருகிவிட்டன. 1936-ல் அம்மாநில மக்கள் வாக்களித்து, அரசியல் தலையீடு இல்லாத ஒரு காப்பு ஆணையத்தை அரசியலமைப்புத் திருத்தம் மூலம் உருவாக்கினார்கள். 1976-ல் மறுபடி வாக்களித்து, விற்பனை வரியாக ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கினார்கள். போதாததற்கு, 1937-ம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்றின்படி, நாட்டில் விற்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியிலும் 10 சதவீதமும், ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் 11 சதவீதமும் வரியாகப் பிடிக்கப்பட்டுக் காட்டுயிர்ப் பணிக்கும் வேட்டைக் கல்விக்கும் போகின்றன. இன்று அங்கே அணில் பருவம் மே மாத நான்காம் சனிக்கிழமை தொடங்கி பிப்ரவரி 15 வரை. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து. நான் அதில் பாதியைக்கூட விரும்பியதில்லை.

1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டை உரிமம் வாங்க, வேட்டைக் கல்விச் சான்று வேண்டும். அந்த வகுப்பில் தன்னார்வ ஆசிரியையாக வந்தவர்தான் இந்த அம்மா. அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகு அந்த வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்ததும், ரிவால்வரால் சிறு விலங்கு வேட்டை பழக வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். "ரைஃபிள் வைத்துக்கொண்டால் சீக்கிரம் கற்கலாம். ரிவால்வர் என்றால் வருஷக்கணக்காகும். பொறுப்பாயா?" என்றார். பொறுத்தேன்.

அவர் கற்றுக்கொடுத்த ஒற்றை இயக்க ரிவால்வரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் விசைக்கு ஒரே வேலை: பின்னால் இழுத்து நிறுத்தப்பட்ட சுத்தியை விடுவிப்பது. சுத்தியை இழுப்பது சுடுபவரின் கட்டைவிரல். அப்படி இழுக்கும்போதுதான் தோட்டா உருளையும் ஓர் அறை சுழன்று குழலுக்கு நேராக வந்து நிற்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் இது மறுபடி நடக்க வேண்டும். 1873-ல் கோல்ட் நிறுவனம் அமெரிக்கப் படைக்குச் செய்து கொடுத்த துப்பாக்கியின் வடிவம் இது. மேற்கத்திய சினிமாக்களில் எல்லோர் இடுப்பிலும் தொங்குவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோல்ட் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. போருக்குப் பிறகு தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் பெருக, வாங்க ஆளிருந்தும் பொருளில்லாத நிலை. 1949-ல் கனெக்டிகட் மாநிலத்தில் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் தொடங்கிய சிறு நிறுவனம் இதைக் கவனித்தது. 1953-ல் ரூகர் சிங்கிள்-சிக்ஸ் வந்தது: அதே பழைய உருவம், உள்ளே, அடிக்கடி முறியும் தட்டை வில்களுக்குப் பதில் சுருள்வில், தோட்டா மட்டும் மிகச் சிறிய பாயின்ட் டூ-டூ. பண்ணை வீடுகளிலும் மலைக்கிராமங்களிலும் அது புகுந்துகொண்டது. என் ஆசிரியையின் அப்பா வாங்கியதும் அந்தக் காலத்தது.

அவருடையது பழைய வகை. துப்பாக்கிச் சட்டகத்தின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரியும். அதில் சுத்தி ஓய்ந்திருக்கும்போது, அதன் கீழே தோட்டா இருந்து, துப்பாக்கி கல்லில் விழுந்து சுத்தியில் அடிபட்டால், வெடித்துவிடக்கூடும். அதனால் ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான். ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு, சுத்தியை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. வெற்றறை சுத்தியின் கீழே வந்து நிற்கும். 1973-ல் ரூகர் உள்ளமைப்பை மாற்றியது. புதிய வகையில் ஓய்ந்திருக்கும் சுத்தி தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசியைத் தொடவே தொடாது. விசையைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் ஒரு சிறு எஃகுப் பட்டை மேலெழுந்து, சுத்தியின் அடியை ஊசிக்குக் கடத்தும். விரலை எடுத்தால் பட்டை இறங்கிவிடும். தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்தாலே உருளை தளர்ந்து கையால் சுழலும். கதவு திறந்திருக்கும்வரை சுத்தியை இழுக்க முடியாது. பழைய துப்பாக்கிகளுக்கும் இந்த அமைப்பை இலவசமாகப் பொருத்தித் தர 1982-லிருந்து அந்நிறுவனம் முன்வருகிறது. கழற்றிய பாகங்களையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த அம்மா அனுப்பவில்லை. ஐந்து போதும் என்றார். ஆனால் என்னைப் புதிய வகைதான் வாங்கச் சொன்னார். ஐந்தரை அங்குலக் குழலுள்ள ஒன்றை, யாரோ நன்றாகப் பேணியதை, கடையில் கூட்டரசுப் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனை முடித்து வாங்கினேன். அதில் ஆறு போட எந்தத் தடையும் இல்லை. அவருடன் இருக்கும்போது நானும் ஐந்துதான் போடுகிறேன். தாளும் ஐந்தைத்தானே கேட்கிறது.

தோட்டா வாங்குவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. விளிம்பில் அடிபடும் தோட்டா இது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். பொறிமருந்தை ஈரப்பதத்தில் அதற்குள் சுழற்றிப் படியவைப்பார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பிடிக்கும். தோட்டா இல்லாமல் சுத்தியை அடித்துக்கொண்டே இருந்தால், சில துப்பாக்கிகளில் ஊசி உருளையின் விளிம்பையே கொத்திச் சேதப்படுத்தும். இதற்கு அமெரிக்கச் சுடுபவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு: சுவரில் திருகு பதிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ராவல் பிளக். அதில் ஓர் அளவு இந்த அறைகளில் கச்சிதமாக உட்காரும். வன்பொருள் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, ஆறு அறையிலும் செருகிக்கொண்டு, மாலை வேளைகளில் வெறும் சுவரைப் பார்த்துப் பழகினேன். சுவரில் குறி எதுவும் கூடாது. குறி இருந்தால் கண் அதற்குத்தான் போகும்; பழக வேண்டியது கண் குழல்நுனியிலுள்ள முன்குறியில் நிற்பதற்கு.

முதலில் பிடி. இந்த வகைக் கைப்பிடி வளைந்து இறங்கும். பெரிய தோட்டாத் துப்பாக்கிகளில் உதைப்பின்போது அது உள்ளங்கையில் உருண்டு மேலேறி, கையைக் காக்கும். நம் சிறு தோட்டாவுக்கு உதைப்பே இல்லை. ஆனாலும் பிடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழ வேண்டும். என் சுண்டுவிரலுக்குக் கைப்பிடியில் இடமில்லை. அதைக் கீழே மடக்கிக்கொண்டேன். சுத்தியை இழுப்பது இடது கட்டைவிரல். வலதுகைப் பிடி அசையாமல் இருக்க அதுதான் வழி. விரல்கள் எதுவும் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கின் பக்கம் போகக்கூடாது. அங்கிருந்து சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் தெறிக்கும். உட்கார்ந்து சுடும்போது முழங்காலும் அந்த இடுக்குக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

பிறகு, சுத்தியை இறக்குவது. அந்த அம்மா இதற்கு ஒதுக்கிய நேரம் சுடுவதற்கு ஒதுக்கியதைவிட அதிகம். சுத்தி முழுக்க இழுக்கப்பட்டிருக்கிறது, குறி நிற்கிறது, அந்த நேரத்தில் அணில் ஒரு கிளை நகர்ந்து வானத்துக்கு எதிரே போய்விட்டது. இப்போது என்ன செய்வாய்? குழலை மண்ணுக்குத் திருப்பு. கட்டைவிரலைச் சுத்தியின் முதுகில் முழுதாகப் பதி. விசையை மெல்ல அழுத்து. சுத்தி விடுபட்டு அசைந்த கணமே விசையிலிருந்து விரலை எடுத்துவிடு, எஃகுப் பட்டை இறங்கிக்கொள்ளும். பிறகு சுத்தியைக் கட்டைவிரலாலேயே அதன் இடத்துக்குக் கொண்டுபோய் உட்காரவை. காலியான துப்பாக்கியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். உலர்ந்த கையால், வியர்த்த கையால், குளிரில் கையுறையோடு. "சுடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இழுத்த சுத்தியைப் பதறாமல் இறக்கத் தெரிந்தவரோடுதான் நான் காட்டுக்குப் போவேன்" என்பார். சுடுவதற்கும் விடுவதற்கும் ஒரே கட்டைவிரல் என்பதால் இந்தப் பழைய எந்திரத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடிற்று.

உண்மையான தோட்டாவோடு சுடுகளத்துக்குப் போனபோது, பாதுகாப்புக் கண்ணாடி மாதிரியே காதுக்கவசமும் கட்டாயம். பாயின்ட் டூ-டூ தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நீண்ட ரைஃபிள் குழலில் அடங்கிப்போகும் ஓசை, குட்டைக் குழலில் 140 டெசிபலைத் தாண்டி வெடிக்கும். அந்த அளவு செவியை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. காட்டில் நான் மின்னணுக் காதுக்கவசம் அணிகிறேன். கொட்டை விழும் ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும், வெடியை அடைத்துவிடும். சுட்டுமுடித்த கையை ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா என்றால், குழலை மண்மேட்டை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். சில நேரம் தாமதமாக வெடிக்கும்.

லாங் ரைஃபிள் எனப்படும் இந்தப் பாயின்ட் டூ-டூ தோட்டா 1887-லிருந்து ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஈயக்குண்டின் எடை 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்றே மேல். என் குழலிலிருந்து அது நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டரில் புறப்படுகிறது. ஒலியைவிடச் சற்று மெதுவாக. என் துப்பாக்கியோடு மாக்னம் தோட்டாவுக்கான இரண்டாவது உருளையும் வந்தது. 1959-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த அந்தத் தோட்டா நீளமும் அகலமும் கூடியது, வேகமும் சத்தமும் விலையும் கூடியது. சிறிய தோட்டாவை அந்தப் பெரிய அறையில் போட்டால் உள்ளே போய்விடும். வெடித்தால் கூடு கிழியும். அதனால் இரண்டாவது உருளை வீட்டில் அலமாரியிலேயே இருக்கிறது. அணிலுக்கு அதன் பலம் தேவையும் இல்லை.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தோட்டா பிடிக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது, அது உண்மை. ஒரே மேசையில் கையை மணல்மூட்டையில் ஊன்றி, பல பெட்டிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தோம். விலை உயர்ந்த அதிவேகத் தோட்டா தாளில் சிதறியது. சி.சி.ஐ. நிறுவனத்தின் சாதாரண வேகத் தோட்டா ஒன்று கொத்தாக விழுந்தது. அதற்கு மேல் வேறெதையும் தேடவில்லை. மொத்தமாக வாங்கிவைத்து, பின்குறியை அதற்கே சரிசெய்து, திருகை அதன் பிறகு தொடவில்லை. தாளில் ஒன்று, காட்டில் ஒன்று என்று தோட்டாவை மாற்றினால், தாளில் சம்பாதித்த தூரம் செல்லாக்காசு.

இனி அந்த வட்டம். பின்குறியின் பள்ளத்தில் முன்குறி நிற்க வேண்டும்; மேல்விளிம்பு ஒரே மட்டம், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம். முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும், பின்குறி சற்று மங்கல், வட்டம் இன்னும் மங்கல். கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். குறி இரண்டுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லாத இந்தக் குட்டைத் துப்பாக்கியில், முன்குறி பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 18 கஜத்தில் குண்டு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் விலகும். வட்டமே நான்கு சென்டிமீட்டர்தான். ஆனால் கை நடுங்குவதால் முழுத் துப்பாக்கியும் சேர்ந்தாற்போல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு என் சுடுதல் மாறியது. கைநடுக்கத்தோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, குறிகளின் உறவை மட்டும் காத்தேன். துப்பாக்கி வட்டத்தின் மேல் மெல்ல நீந்தட்டும். முன்குறி பள்ளத்தின் நடுவில் இருக்கும்வரை குண்டு உள்ளேதான் விழும்.

இந்த வகையின் கனத்த சுத்தி நீண்ட வில்லாக வந்து விழுகிறது. நவீனத் துப்பாக்கிகளைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். விசை விடுபட்டுவிட்டது என்று உணர்ந்ததும் கை தளர்ந்தால், குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன்பே குறி கலைந்துவிடும். வெடித்த பிறகும் முன்குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது எங்கே எழும்பிற்று என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த அம்மா தாளைப் பார்க்க அனுமதிக்க மாட்டார். "எங்கே விழுந்தது, சொல்" என்பார். வலது, கீழே, கொஞ்சம் வெளியே. சொன்ன பிறகு தொலைநோக்கியில் பார்ப்பார். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கிய பருவத்தில்தான் இரண்டு இரண்டு கஜமாகப் பின்னால் நகர முடிந்தது. முடிவில் என் தூரம் 18 கஜத்தில் நின்றது.

அதற்கு மேல் சுடவே கூடாது என்பதில்லை. இரும்புத் தகடுகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. மெக்சிகோவில் பிறந்த உலோக நிழலுருவப் போட்டி 1970-களில் அமெரிக்கக் கைத்துப்பாக்கிக்காரர்களைப் பிடித்துக்கொண்டது. சிறு தோட்டாப் பிரிவில் கோழி 25 மீட்டரில், பன்றி 50-ல், வான்கோழி 75-ல், செம்மறிக்கடா 100-ல். என் துப்பாக்கியில் 25 கஜத்துக்குக் குறி சரிசெய்தால், 50-ல் குண்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழ்ந்துவிடும். நூறில் முன்குறியை எவ்வளவு உயர்த்திப் பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கடா விழுந்து, அதன் 'டங்' ஓசை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்போது உண்டாகும் மகிழ்ச்சி பெரியது. மிசௌரியின் ஹார்டின் ஊரில் 1899-ல் பிறந்த எல்மர் கீத், ரிவால்வரால் நெடுந்தூரம் சுடுவதைப் பற்றி எழுதியே பெயர் பெற்றவர். அவருடைய 1955-ம் ஆண்டு நூலான 'சிக்ஸ்கன்ஸ்' அந்த அம்மா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அதைப் படிக்கத் தந்தபோது, "இரும்புக்கு வலிக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படி" என்றுதான் தந்தார்.

ஆகஸ்ட் இறுதியில் ஹிக்கரி கொட்டைகள் முற்றத் தொடங்கும். இலைகள் அடர்ந்திருக்கும், அணில் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். மேலே அமர்ந்து கொட்டையின் பச்சைத் தோலைக் கொறிக்கும்போது, துணுக்குகள் இலைகள் வழியே தூறலாக விழும். காற்றில்லாத விடியலில் அந்தத் தூறலைக் கேட்டு, அதன் கீழே போய் உட்கார வேண்டும். சாம்பல் அணில் இருள் பிரியும்போதே வந்துவிடும். நரி அணில் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருக்கும். உண்ணிகள் ஏராளம், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மருந்து தெளித்துக்கொண்டு போவோம். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கால்மணி நேரம் அசையாதிருந்தால், நாம் வந்ததைக் காடு மறந்துவிடும்.

இங்கேதான் தூரத்தின் அருமை தெரிகிறது. உட்கார்ந்ததும் முதல் வேலை, சுற்றியுள்ள மரங்களைக் கணக்கிடுவது. அந்த வெள்ளை ஓக் 12 கஜம். பட்டை உரியும் ஹிக்கரி 17. அதற்குப் பின்னால் உள்ளது 25, அது எனக்கு இல்லை. அடுத்த வேலை, குண்டு போய் நிற்கும் இடம். பல தோட்டாப் பெட்டிகளில் ஒரு மைலையும் தாண்டி ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். கிளைநுனியில், வானத்துக்கு எதிரே நிற்கும் அணிலைத் தவறவிட்டால், அந்தக் குண்டு யார் வீட்டுக் கூரையைத் தேடிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அணில் அடிமரத்திலோ, தடித்த கிளையின் கவட்டிலோ, தரையிலோ இருக்க வேண்டும். அதன் பின்னால் மரமோ மண்சரிவோ இருக்க வேண்டும். தூரமும் சரி, பின்னணியும் சரி, தலையும் தெளிவாகத் தெரிகிறது என்றால் மட்டும் இடது கட்டைவிரல் சுத்தியைத் தேடும். அந்த 'கிளிக்' ஓசையில் அணில் பெரும்பாலும் ஒரு கணம் உறையும். அந்தக் கணம் போதும்.

பெரும்பாலான காலைகளில் எல்லாம் ஒன்றுசேராது. இழுத்த சுத்தியை இறக்கிவிட்டு, அணில் கிளை தாவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மாவின் முகத்தில் அப்போது ஒரு நிறைவு தெரியும். அடித்த அணிலைப் பார்க்கும்போது அது வருவதில்லை.

அடித்தால் ஓடிப்போய் எடுக்கக் கூடாது. விழுந்த இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அடுத்த தோட்டாவோடு உட்கார்ந்தபடியே காத்திருக்க வேண்டும். பின்பக்கமாக அணுகி, குச்சியால் கண்ணைத் தொட்டு உயிர் போய்விட்டது என்று உறுதி செய்த பிறகே கையால் தொடலாம். உடல் சூட்டோடு இருக்கும்போதே தோலுரித்தால் எளிது: வாலின் அடியில் எலும்பை மட்டும் வெட்டி, முதுகுத் தோலோடு வாலை ஒட்டவிட்டு, வாலை மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தால் சட்டை கழல்வதுபோல் வந்துவிடும். முயல் என்றால் கையுறை கட்டாயம். துலரீமியா என்ற காய்ச்சல் அதன் ரத்தத்திலிருந்து தொற்றும். இளம் அணிலை அந்த அம்மா மாவில் புரட்டிப் பொரித்து, அதே சட்டியில் பால் குழம்பு கிண்டி, அமெரிக்க பிஸ்கட் ரொட்டியோடு வைப்பார். கிழட்டு அணிலை நான் வாங்கிக்கொள்வேன். இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் இடித்துப் போட்டுப் பிரட்டுவேன். கொட்டை தின்று வளர்ந்த இறைச்சிக்கு மிளகு மிக நன்றாகச் சேர்கிறது. அவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒருமுறை வாங்கிய தூரம் நிலைப்பதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும், பருவம் திறப்பதற்கு முன், வெள்ளி டாலரை எடுத்து வட்டம் போட்டு மறுபடி சுட வேண்டும். அந்த அம்மாவின் தூரம் ஒரு காலத்தில் 25 கஜம். கண்புரை அறுவைக்குப் பிறகு தொலைவு நன்றாகத் தெரிகிறது. கையெட்டும் தூரத்திலிருக்கும் முன்குறிதான் மங்கிவிட்டது. சுடுவதற்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொண்டும் கடந்த வசந்தத்தில் அவருக்கு ஐந்தும் உள்ளே விழுந்தது 12 கஜத்தில்தான். குறிக்குப் பதில் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியைத் துப்பாக்கியின் மேல் பொருத்தலாம் என்று சொன்னேன். அப்பாவின் துப்பாக்கியில் துளை போட மாட்டேன் என்றார்; தாளின் ஓரத்தில் தேதியையும் 12 என்ற எண்ணையும் எழுதி மடித்துவைத்தார்.

அந்தப் பருவத்தில் அவர் மரங்களுக்கு இன்னும் கிட்டே போய் உட்கார்ந்தார். நான் இருபது நிமிடத்தில் கால் மரத்து அசைந்துவிடுவேன். அவர் ஒரு மணி நேரம் இமையை மட்டும் அசைப்பார். 12 கஜத்துக்குள் வராததைச் சுடாமலே, என்னைவிட அதிக அணில்களோடு வீடு திரும்பினார். இப்போது அவரிடம் நான் கேட்டுப் பழகிக்கொண்டிருப்பது அப்படி உட்காருவதைத்தான்: முதுகு எங்கே சாய வேண்டும், எடை எந்த எலும்பின் மேல் இறங்க வேண்டும், கொசு காதோரம் வந்தால் மூச்சை எப்படி விட வேண்டும் என்பதெல்லாம்.